அளவை முன்னே, பொருள் பின்னே

மெய்ப்பொருள் ஆராய்ச்சி என்றால் சான்று கேட்கக் கூடாத பேச்சு என்ற எண்ணம் படித்தவர்களிடமே இருக்கிறது. நடுநாட்டில் வளர்ந்த சைவ சித்தாந்தத்துக்கு அது பொருந்தாது. திருவண்ணாமலையை ஒட்டிய வேங்கிக்காலிலிருந்து தென்கிழக்கே பெண்ணையாற்றுப் பக்கம் போனால் திருவெண்ணெய்நல்லூர். அங்கே 13ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் அருளிய சிவஞானபோதத்தில் நூற்பாக்கள் 12தான். மூன்று மூன்றாக நான்கு இயல்கள்: பிரமாணம், இலக்கணம், சாதனம், பயன். பதி (இறை), பாசம் (தளை), பசு (உயிர்) ஆகியவை உண்டு என்பதற்குச் சான்று காட்டிய பிறகுதான் அவற்றின் இயல்பைப் பேசுகிறார். கூற்று ஒவ்வொன்றும் மேற்கோள் (நிறுவ வேண்டிய கருத்து), ஏது (காரணம்), எடுத்துக்காட்டு என்ற படியில் ஏறி வர வேண்டும். ஏது இல்லாத மேற்கோளுக்கு அந்த நூலில் இடமே கிடையாது.

இந்தக் கட்டுப்பாடு மெய்கண்டாரோடு தொடங்கியதும் அல்ல. மணிமேகலை வஞ்சி மாநகரில் சமயக் கணக்கர்களைத் தேடிப் போனபோது முதலில் கேட்டது அளவைவாதியின் பேச்சைத்தான். அவன் பத்து அளவைகளை, அதாவது அறியும் வழிகளை, எண்ணிச் சொல்கிறான். உலகாயதனோ காட்சி ஒன்றே போதும் என்கிறான். மெய்கண்டாரின் மாணவர் அருணந்தி சிவம், சிவஞான சித்தியாரில் அந்த நீண்ட பட்டியலைக் காட்சி, கருதல் (அனுமானம்), உரை என்ற மூன்றில் அடக்கினார். அந்நூலின் பரபக்கப் பகுதி உலகாயதர் முதல் பாஞ்சராத்திரி வரை 14 கொள்கைகளை மறுக்கிறது. மறுக்கும் முன் எதிராளியின் கருத்தை அவன் தரப்பில் நின்று முழுதாக எடுத்துரைக்கிறது. நான் இந்த மரபை மதிப்பதற்கு முதற்காரணம் இதுதான். மாற்றான் வாதத்தை அவனே ஒப்புக்கொள்ளும்படி சொல்லத் தெரியாதவனுக்கு அதை மறுக்கும் தகுதி ஏது?

மூன்றாம் நூற்பாவைச் சற்று நெருங்கிப் பார்ப்போம். உயிர் என்று ஒன்று உண்டா என்பது வினா. உடம்பா, புலன்களா, மூச்சா, எதைக் காட்டினாலும் ‘இது உயிரன்று’ என்று விலக்க முடிகிறது. அப்படி விலக்குகிற அறிவு ஒன்று இருக்கிறதே, அதுதான் உயிர் என்பது முதல் ஏது. ‘என் வீடு’ என்பவன் வீடல்லாதது போல ‘என் உடல்’ என்பவன் உடலுக்கு வேறானவன். கனவில் ஐம்புலன்களும் ஒடுங்கிக் கிடக்க, ஏதோ ஒன்று கண்டுகொண்டிருக்கிறது. உறக்கத்தில் மூச்சு ஓடுகிறது. ஆனால் உண்பதும் இல்லை, செயலும் இல்லை. ஆகவே மூச்சும் உயிரன்று. கடைசியில் நிற்பது, உணர்த்தினால் உணர்கிற ஒன்று.

அண்ணாமலையின் விரூபாட்சிக் குகையில், 1902 வாக்கில், சிவப்பிரகாசம் பிள்ளை ‘நான் யார்?’ என்று கேட்டபோது, மௌனத்திலிருந்த ரமணர் எழுதிக் காட்டிய விடையும் இதே வழியில்தான் போகிறது. உடம்பு அல்ல, புலன் அல்ல, மூச்சு அல்ல, மனமும் அல்ல என்று தள்ளிக்கொண்டே போகிறார். முடிவில்தான் வேறுபாடு. சித்தாந்தத்தின் உயிர் உணர்த்தப்பட வேண்டியது, உணர்த்துபவன் வேறு. ரமணருக்கோ எஞ்சி நிற்கும் அறிவே தான். இரண்டும் ஒன்றுதான் என்று மேடையில் சமரசம் பேசுவது இரண்டு தரப்புக்கும் செய்யும் அவமரியாதை.

இத்தகைய வினாக்களையே மறுத்தவர்களும் உண்டு. 1928இல் மெய்யியலாளர் ருடால்ஃப் கார்னாப், மெய்ப்பொருள் வினாக்கள் போலி வினாக்கள் என்று காட்டும் சிறு நூலை வெளியிட்டார். அதே ஆண்டில் ரமணர் ‘உள்ளது நாற்பது’ இயற்றினார். உலகு, உயிர், இறை என்ற மூன்றும் ஒன்றா, மூன்றா என்ற வழக்கு ‘நான்’ என்னும் அகங்காரம் இருக்கும் வரையில்தான் என்பது அதன் கருத்து. கார்னாப் வினாவையே தள்ளுபடி செய்தார். ரமணர் வினா எழும் இடத்தைத் தேடச் சொன்னார்.

அறிவியலுக்கு இந்த வினாக்கள் தேவையில்லை என்பவர்கள் சவ்வாது மலைக் காவலூர் வானாய்வகத்தை நினைத்துப் பார்க்கலாம். 1977 மார்ச்சில் யுரேனஸ் கோள் ஒரு விண்மீனை மறைக்கவிருந்த வேளையில், அங்குள்ள ஒரு மீட்டர் தொலைநோக்கியில் அந்த விண்மீனின் ஒளி முன்கூட்டியே ஒரு கணம் மங்கியது. துணைக்கோள் ஒன்று மறைத்தது என்று முதலில் கருதினார்கள். பிற இடங்களில் எடுத்த பதிவுகளோடு ஒப்பிட்டபோது அது யுரேனஸின் வளையம் என்று தெளிந்தது. காட்சி மாறவில்லை, கருதல் திருந்தியது. ஒளி மங்கினால் அதற்குக் காரணம் ஒன்று இருந்தே தீரும் என்ற நம்பிக்கையைத் தந்தது எந்தத் தொலைநோக்கி? காரணமின்றிக் காரியமில்லை என்பது அளந்து பெற்ற முடிவன்று, அளப்பதற்கே அடித்தளம். அதற்காக 36 தத்துவங்களைக் குவாண்டத்தோடு பொருத்திக் காட்டும் பேச்சை என்னால் ஏற்க முடியாது. வளையம் உண்டா என்பதைத் தொலைநோக்கிதான் சொல்ல வேண்டும், சாத்திரம் அல்ல.

அறத்துக்கு வருவோம். வேங்கிக்கால் ஆட்சியர் அலுவலகத்தில் திங்கள்கிழமைதோறும் குறைதீர்க்கும் நாள். என்றோ எழுதிய பத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு, ஏமாற்றியவன் பெயரைச் சொல்லி மனுக் கொடுக்கிறார் ஒரு முதியவர் என்று வைத்துக்கொள்வோம். ஏமாற்றியவனுக்கு இன்று முடி நரைத்திருக்கும், உடம்பு மாறியிருக்கும், மனமும் மாறியிருக்கலாம். இருந்தும் அன்று செய்தவன்தான் இன்று பதில் சொல்ல வேண்டும் என்கிறோம். கணந்தோறும் அழிந்து பிறப்பதே அறிவு என்ற பௌத்தரிடம், வினை செய்தவன் ஒருவன், பயன் நுகர்பவன் வேறொருவனா என்று சித்தாந்தம் கேட்டதும் இதையே. பௌத்தர் தொடர்ச்சியைக் காட்டி விடை சொன்னார்கள். அதுவும் எளிய விடையல்ல. எந்த விடையை ஏற்றாலும், பொறுப்பு என்ற சொல்லுக்கு அடியில் ஒரு மெய்ப்பொருள் முடிவு இருக்கவே செய்கிறது.

இன்றைய நம் சபைகளில் சாதனமும் பயனும் நிறையப் பேசப்படுகின்றன. முதல் மூன்று நூற்பாக்களை ஏதுவும் எடுத்துக்காட்டுமாகப் பாடம் சொல்பவர்களும், எதிர்க்கேள்வி கேட்கும் மாணவர்களும் குறைந்துவிட்டார்கள் என்பது என் வருத்தம். சிவஞானபோதத்துக்குச் சிவஞான முனிவர் எழுதிய உரையான மாபாடியத்தை அவையில் வைத்து வரி வரியாக வாதிக்கும் பழக்கம் திரும்ப வேண்டும். பரபக்கத்தையும் அதோடு சேர்த்துப் படிக்க வேண்டும். சான்றில் தொடங்கிய சிவஞானபோதத்தின் 12ஆம் நூற்பா, மெய்யுணர்ந்தவர் அடியாரோடு கூடி வாழ்ந்து, அடியார் கோலத்தையும் கோயிலையும் அரனாகவே கண்டு தொழுவார் என்று முடிகிறது.