குறிகாட்டும் நாயும் எசமானனும்
துர்க்கனேவ், தோல்ஸ்தோய் ஆகியோரின் புனைகதைகள் பற்றிய ஒரு நோக்கு

பத்தொன்பதாம் நூற்றாண்டு ருசியப் புனைகதைகளைப் பயில்வோருட் பலர், அவற்றில் இடம்பெறும் வேட்டைப் பகுதிகளைக் கதையோட்டத்திற்குப் புறம்பான இடைப்பிறவரல்களாகக் கருதி விரைந்து கடந்து செல்வதுண்டு. நிலவுடைமையாளரின் பொழுதுபோக்கைப் பற்றிய வருணனைகள் என்றும், இயற்கையெழிலைக் காட்டுதற்கு ஆசிரியர் தேடிக்கொண்ட வாய்ப்புகள் என்றும் அவை விளக்கப்படுகின்றன. இக்கருத்து முற்றிலும் பிழையானதன்று, ஆயின் முழுமையானதுமன்று. வேட்டைநாய் எவ்வாறு தெரிந்தெடுக்கப்படுகிறது, எவ்வாறு பழக்கப்படுகிறது, எவ்வாறு பேணப்படுகிறது என்ற சிறு செய்திகளிலே, கட்டளையிடுவோனுக்கும் பணிவோனுக்கும் இடையிலான உறவு பற்றிய கூரிய சமூக நோக்கொன்று பொதிந்து கிடக்கின்றது. இவான் துர்க்கனேவ், லியோ தோல்ஸ்தோய் ஆகிய இருவரும் துப்பாக்கியும் நாயுமாக வயல்வெளிகளில் அலைந்தவர்கள். அவ்வனுபவம் அவர்தம் படைப்பில் எவ்வாறு தொழிற்படுகிறது என்பதை நோக்குவது பயனுடையதாகும்.

முதற்கண் இந்நாயின் இயல்பை அறிந்துகொள்ளுதல் வேண்டும். சங்கச் செய்யுள்களில் வேட்டுவருடன் செல்லும் ஞமலி விலங்கைத் துரத்திப் பற்றுவது. பறவை வேட்டைக்குரிய குறிகாட்டும் நாயின் தொழில் அதற்கு நேர்மாறானது. அது காற்றுக்கு எதிர்முகமாக வயலையும் சதுப்பையும் இடமும் வலமுமாக அளந்து ஓடுகிறது. புல்லிடையே பதுங்கியிருக்கும் காடை, கௌதாரி, உள்ளான் முதலிய பறவையின் மணம் நாசியிற் பட்டதும் அசைவற்று நின்றுவிடுகிறது. முன்னங்கால் ஒன்று மடிந்திருக்க, வால் நீண்டிருக்க, மூக்கு பறவையிருக்கும் திசையைக் காட்டி நிற்கிறது. எசமானன் வந்து ஏவிய பின்னரே அது முன்னேறிப் பறவையை எழுப்பும். ஆங்கிலத்தில் ‘பொயின்ரர்’ என்ற பெயர் சுட்டுதலையும், ‘செற்றர்’ என்ற பெயர் பதுங்கி அமர்தலையும் குறிப்பன. ருசியர் வழங்கும் ‘லெகாவயா’ என்ற சொல்லும் படுத்தலைக் குறிக்கும் வேரினின்று பிறந்ததே. பறக்கும் பறவையைத் துப்பாக்கியாற் சுடும் வழக்கம் பரவுமுன், நாய் நிலத்தோடு படிந்து கிடக்க, வேட்டுவர் பறவைகள் மீது வலை போர்த்தினர். அப்பழைய முறையின் எச்சத்தை இப்பெயர்களிற் காணலாம்.

இத்தகைய நாயைத் தெரிவு செய்வோர் அதன் அழகை மட்டும் நோக்குவதில்லை. தாயும் தந்தையும் வயலில் உழைத்தவையா, மோப்பம் கூர்மையானதா, அஞ்சாத இயல்புடையதா, மனிதனோடு இணங்கித் தொழில் செய்யும் விருப்புடையதா என்பனவே அவர்தம் வினாக்கள். பழக்குதல் படிப்படியாக நிகழ்வது. முதலில் உணவை முன்னே வைத்துக் கட்டளை வரும்வரை காத்திருக்கப் பழக்குவர். பின்னர் நீண்ட கயிற்றிற் பிணித்து வயலில் நிற்கப் பழக்குவர். வெடியோசையைத் தொலைவிலிருந்து தொடங்கிச் சிறிது சிறிதாக அண்மைக்குக் கொண்டுவருவர். அவசரப்பட்டு அடித்துப் பழக்கிய நாய் ஒன்றிற் பறவையைக் கண்டாலே அஞ்சி ஒதுங்கும். அன்றேல் எசமானனின் கண்ணுக்கு மறைந்ததும் தன் விருப்பப்படி ஓடும்.

இங்கு ஒரு முரண்பாடு உண்டு. பழக்குவோன் நாய்க்குக் கொடுக்கக்கூடியது அடக்கம் ஒன்றே. மோப்பத்தை அவன் கொடுக்க முடியாது. அது நாயிடம் பிறவியிலேயே உள்ளது. எனவே வயலிலே அறிவு நாயிடமும் அதிகாரம் மனிதனிடமும் பிரிந்து நிற்கின்றன. அறிவோன் பணிகிறான், அறியாதோன் ஏவுகிறான். மேற்கூறிய இரு படைப்பாளிகளும் இம்முரண்பாட்டை உணர்ந்திருந்தனர் என்பதற்கு அவர்தம் படைப்புகளே சான்று.

வேட்டையின் வகை கதையின் வடிவத்தையே தீர்மானிக்க வல்லது என்பதும் ஈண்டு மனங்கொள்ளத்தக்கது. தோல்ஸ்தோயின் ‘போரும் சமாதானமும்’ நாவலில் ரொஸ்தோவ் குடும்பத்தினர் ஓநாய் வேட்டைக்குச் செல்கின்றனர். நூற்றுக்கு மேற்பட்ட நாய்களும் குதிரையேறிய ஏவலாளரும் கூடிய பெரும் பரிவாரம் அது. அங்கு பண்ணையடிமைகள் வேட்டையின் உறுப்புகளாகவே தோன்றுகின்றனர். அவ்வேட்டையிலே அயற் பண்ணையாரான இலாகின் என்பவர் தம் ஓட்டநாயைப் பெருமையுடன் காட்டுகிறார். அந்நாயைப் பெறுதற்கு அவர் கொடுத்த விலை வீட்டடிமைக் குடும்பங்கள் மூன்று. தோல்ஸ்தோய் இச்செய்தியை எவ்வித விளக்கமுமின்றிப் போகிற போக்கிற் கூறிச் செல்கிறார். நாயொன்றைத் தெரிந்தெடுத்தல் என்பது அச்சமுதாயத்தில் எத்தகைய கணக்கீட்டை உள்ளடக்கியிருந்தது என்பதற்கு அவ்வொரு வாக்கியமே போதும்.

குறிகாட்டும் நாயுடன் செல்பவனோ நடந்து செல்கிறான். அவனுக்குத் துணை ஒருவரோ இருவரோ தான். நாய் செல்லும் வழியே அவன் வழி. மழை வந்தாற் குடியானவன் குடிசையில் ஒதுங்குகிறான். இரவானால் ஆலைக்காரன் முற்றத்திலே தங்குகிறான். 1847 இல் ‘சவ்ரமென்னிக்’ சஞ்சிகையில் வெளிவரத் தொடங்கி 1852 இல் நூலுருப் பெற்ற துர்க்கனேவின் ‘வேட்டைக்காரனின் குறிப்புகள்’ இந்நடையின் விளைவே. பண்ணையாரும் பண்ணையடிமையும் முகத்துக்கு முகம் சந்தித்து உரையாட வேறெந்தக் களமும் அந்நாளில் இத்துணை இயல்பாக அமைந்திருக்க முடியாது. குறிகாட்டும் நாய் கதைசொல்லியைப் பறவைகளிடம் மட்டுமன்றி மக்களிடமும் அழைத்துச் செல்கின்றது எனலாம்.

இந்நூலிலுள்ள ‘எர்மொலாயும் ஆலைக்காரன் மனைவியும்’ என்ற கதை இவ்வகையில் ஆழ்ந்து நோக்கத்தக்கது. எர்மொலாய் அயற் பண்ணையொன்றின் அடிமை, தேர்ந்த வேட்டைக்காரன். அவனுடைய குறிகாட்டும் நாயின் பெயர் வலேத்கா. எர்மொலாய் அதற்கு ஒருபோதும் உணவளிப்பதில்லை. நாய் அறிவுள்ள பிராணியாதலால் தன் உணவைத் தானே தேடிக்கொள்ளும் என்பது அவன் வாதம். வலேத்கா வயலில் சோர்வின்றி உழைக்கிறது, மோப்பமும் குறைவில்லை. ஆயினும் காயமுற்ற முயலொன்று அகப்பட்டால் எசமானனின் வசைகளுக்கு எட்டாத தொலைவில் இருந்து இறுதி எலும்பு வரை தின்று தீர்க்கிறது. வேட்டைப்பொருளைத் தின்னுதல் குறிகாட்டும் நாய்க்குப் பெருங்குறை. ஆனால் அக்குறையின் ஊற்று நாயின் பிறவியிலன்று, பட்டினியிலே உள்ளது என்பதைக் கதை சொல்லாமற் சொல்லுகிறது. உலகின் எப்பொருள்மீதும் பற்றின்மையே அந்நாயின் தனிப்பண்பு என்று கதைசொல்லி நகைச்சுவையோடு கூறுவதும் அந்நோக்கிலேயே பொருள்படுகிறது.

அடுத்து வருவது கதையின் கூர்முனை. எர்மொலாய் மாதந்தோறும் இரண்டு சோடி காட்டுக்கோழியும் கௌதாரியும் பண்ணையாரின் சமையற்கட்டில் ஒப்படைத்தல் வேண்டும். அதற்கு வேண்டிய வெடிமருந்தோ சன்னமோ அவனுக்குக் கொடுக்கப்படுவதில்லை. அவன் எந்த விதியின்படி தன் நாய்க்கு உணவளிப்பதில்லையோ, அதே விதியின்படியே அவனுக்கும் மருந்து வழங்கப்படவில்லை என்று துர்க்கனேவ் எழுதுகிறார். அடிமையை நாயோடு ஒப்பிட்டு இரக்கம் காட்டும் எளிய உத்தியாக இதனைக் கொள்ளுதல் தவறு. அவ்வாறு ஒப்பிட்டிருப்பின் அது அடிமையை மேலும் இழிவுபடுத்தியதாக முடிந்திருக்கும். இங்கு ஒப்புமை நாய்க்கும் மனிதனுக்கும் இடையிலன்று. ஒரு விதிக்கும் மற்றொரு விதிக்கும் இடையிலேயே. உழைப்பைப் பெற்றுக்கொண்டு உழைப்பவனின் தேவையை மறுக்கும் முறை, மேலிருந்து கீழாகப் பண்ணையாரிடமிருந்து எர்மொலாயிடமும் எர்மொலாயிடமிருந்து வலேத்காவிடமும் கைமாறி வருகிறது. எர்மொலாய் தன் மனைவியையும் கொடுமையாக நடத்துபவன் என்பதை ஆசிரியர் மறைக்கவில்லை. ஒடுக்கப்பட்டவனைத் தூய்மைப்படுத்திக் காட்டாத இந்நேர்மை துர்க்கனேவின் யதார்த்தவாதத்திற்கு வலிமை சேர்க்கின்றது.

இக்கதையின் பிற்பகுதி ஆலைக்காரன் மனைவி அரீனாவின் வரலாறு. ஸ்வெர்கோவ் என்னும் பிரபுவின் மனைவி கிராமத்திலே அச்சிறுமியைக் கண்டு, தெரிந்தெடுத்து, நகருக்குக் கொண்டு சென்று, பணிப்பெண்ணாகப் பழக்குகிறாள். ஆண்டுகள் பல உழைத்த பின் அரீனா மணம் செய்துகொள்ள அனுமதி கேட்கிறாள். மணமான பணிப்பெண்களை வைத்துக்கொள்வதில்லை என்பது எசமானியின் கொள்கை. அதனால் கேட்டது நன்றிகெட்ட செயலாகிறது. அரீனாவின் கூந்தல் கத்தரிக்கப்பட்டு அவள் கிராமத்திற்குத் துரத்தப்படுகிறாள்; அவள் விரும்பியவன் படைக்கு அனுப்பப்படுகிறான். இச்செய்தியைக் கதைசொல்லிக்கு உரைக்கும் ஸ்வெர்கோவ், பழக்கிய ஒன்று கைவிட்டுப் போனதற்கு வருந்துபவனைப்போலவே பேசுகிறான். தெரிவு, பயிற்சி, பணிவு, குறை, தண்டனை என்னும் வரிசை அப்படியே இங்கும் தொடர்கின்றது. வலேத்காவின் சித்திரம் முன்னே வைக்கப்பட்டது தற்செயலன்று. அதனை வெறும் நகைச்சுவையாகக் கடந்து சென்ற வாசகன், அரீனாவின் கதையிலே அதே விதியை மீண்டும் எதிர்கொள்கிறான்.

துர்க்கனேவின் இந்நோக்கு பிற்காலத்திலும் மாறவில்லை. ‘பேகாஸ்’ என்னும் நினைவுக் கட்டுரையில் அவர் போற்றும் தம் வேட்டைநாய் தூய இனத்ததன்று. செற்றரும் மேய்ப்புநாயும் கலந்து பிறந்தது. குலப்பெருமையை அன்றித் தொழிற்றிறனையே அவர் அளவுகோலாகக் கொண்டார் என்பது இதனாற் புலனாகும். 1876 இல் வேட்டைச் சஞ்சிகையொன்றில் அவர் வெளியிட்ட சிறு கட்டுரை, வேட்டைக்காரனின் குறைகள் ஐம்பதையும் குறிகாட்டும் நாயின் குறைகள் ஐம்பதையும் நிரல்படுத்துவது. எண்ணிக்கை இருவர்க்கும் சமம் என்பதும், தலைப்பிலே எசமானனின் குறைகளே முற்பட வைக்கப்பட்டிருப்பதும் கருதத்தக்கன. நாயின் குறைகளை மட்டும் எண்ணுவது எசமானர் இயல்பு. தன் குறைகளை முதலில் எண்ணிப்பார்க்குமாறு எசமானனைப் பணிப்பதே நல்ல பயிற்சியின் தொடக்கம்.

தோல்ஸ்தோய் இதே பொருளை வேறொரு திசையிற் கொண்டு செல்கிறார். ‘அன்னா கரீனினா’ நாவலின் ஆறாம் பகுதி, பன்னிரண்டாம் அத்தியாயத்தில் லெவின் விடியற்காலையிலே தன் நாய் லாஸ்காவுடன் தனியே சதுப்புக்குச் செல்கிறான். அங்கே கதை லாஸ்காவின் உள்ளத்துட் புகுகிறது. அது உள்ளானின் மணத்தை உணர்ந்து வட்டமிட்டுத் தேடத் தொடங்கும் வேளையில், லெவின் அதனை அழைத்து வேறோரிடத்தைக் காட்டுகிறான். தொடங்கியதை முடிப்பது நன்றல்லவா என்று கேட்பதுபோல் அது நிற்கிறது. அவன் சினந்து மீண்டும் ஏவுகிறான். அங்கு எதுவுமில்லை என்று நன்கறிந்தும், அவனை மகிழ்விக்கத் தேடுவதாகப் பாசாங்கு செய்துவிட்டுப் பழைய இடத்துக்கே திரும்பி, உடனே பறவையைக் காண்கிறது. பின்னர் லெவின் முழங்காலால் உந்தி முன்னே செல்லுமாறு ஏவுகையில், இனி நிகழ்வதற்குத் தான் பொறுப்பல்ல என்ற எண்ணத்தோடு பாய்கிறது. அறிவுக்கும் அதிகாரத்திற்கும் இடையிலான முரண்பாடு இத்துணை நுண்மையாக வேறெங்கும் சித்திரிக்கப்பட்டிருத்தல் அரிது.

ஆயின் இவ்வத்தியாயத்தை அதற்கு முந்திய அத்தியாயத்தோடு இணைத்துப் படித்தல் வேண்டும். முதல்நாளிரவு குடியானவனொருவனின் வைக்கோற் களஞ்சியத்திற் படுத்தபடி லெவினும் நண்பரும் உரையாடுகின்றனர். லெவினுக்குத் தன் பண்ணையிலிருந்து கிடைப்பது ஐயாயிரம் ரூபிள்; தம்மைத் தங்கவைத்த குடியானவன் எவ்வளவு உழைத்தாலும் ஐம்பதுக்கு மேற் பெறான்; இது நீதியா என ஒப்லோன்ஸ்கி கேட்கிறான். லெவின் அநீதியை உணர்கிறான். ஆயின் வேறுபாட்டை மேலும் பெருக்காதிருக்க முயல்வதற்கு அப்பால் அவனாற் செல்ல இயலவில்லை. வினா விடையின்றி நிற்க, பொழுது விடிகிறது. அவன் நாயுடன் புறப்படுகிறான். நாயின் உள்ளத்துள்ளே புகுந்து அதன் மறுப்பைக் கேட்கும் நாவல், அக்குடியானவனின் உள்ளத்துள்ளே அவ்விரவிற் புகவில்லை. அவனைப் பற்றியே பேசுகின்றனர், அவ்வினா பற்றி அவன் பேசவில்லை. இது தோல்ஸ்தோயின் கலைத்திறனின் குறையன்று. 1861 இல் அடிமைமுறை சட்டத்தால் ஒழிந்த பின்னரும் நிலவுடைமை நிலைத்திருந்த சமுதாயத்தில், லெவின் போன்றோரது மனச்சான்று சென்று முட்டிய எல்லையாகும். அவ்வெல்லையை ஆசிரியர் உணர்ந்தே இரு அத்தியாயங்களையும் அடுத்தடுத்து வைத்தார் எனக் கொள்ள இடமுண்டு.

நுண்மையில் தோல்ஸ்தோய் விஞ்சி நிற்கிறார் என்பதில் ஐயமில்லை. லாஸ்காவின் நினைவோட்டத்திற்கு ஈடான உள்நோக்கு வலேத்காவின் சித்திரத்தில் இல்லை. எனினும் சமூக உறவின் உண்மையைக் காட்டுவதிலே துர்க்கனேவின் அந்த ஒற்றை வாக்கியம் மேலும் தொலைவு செல்கிறது. லெவின் தன் நாயை அன்போடு நடத்துவதால் அதன் கதை அன்பின் கதையாகவே முடிகிறது. வலேத்காவின் கதையோ, அன்பு உண்டா இல்லையா என்ற வினாவையே பின்தள்ளி, உணவைக் கொடாமல் வேலை வாங்கும் விதி எங்கிருந்து வந்தது என்று கேட்க வைக்கிறது. இரக்கமுள்ள எசமானனைப் படைப்பது எளிது. எசமானத்துவத்தின் விதியை வெளிப்படுத்துவதே அரிது.

வேட்டைப் பகுதிகளைப் பொழுதுபோக்கு வருணனையென ஒதுக்கும் திறனாய்வு, இவ்விதி எழுதப்பட்டுள்ள பக்கங்களையே ஒதுக்கிவிடுகிறது. பெரும் படைப்பாளிகள் தம் காலத்தின் கொடிய உண்மைகளைப் பெரும் நிகழ்ச்சிகளில் மட்டும் வைப்பதில்லை. சமையற்கட்டில் ஒப்படைக்கப்படும் இரண்டு சோடிப் பறவையிலும், கொடுக்கப்படாத ஒரு பிடி வெடிமருந்திலும் அவற்றை வைத்துச் செல்கின்றனர். அவை இருக்குமிடத்தைக் காட்டி, வாசகன் வந்து சேரும்வரை பொறுமையாக நிற்பதே திறனாய்வாளனின் கடமை.