கடன்பெற்ற உலகும் கடன்பெற்ற பகையும்: கொச்சிச் சவிட்டு நாடகமும் வேடமேற்கும் மேசை விளையாட்டும்

முன்னுரை

ஒரு கதையுலகம் பிறந்த மண்ணை விட்டுப் பெயர்ந்து பிறிதொரு மண்ணில் ஆடப்பெறும்போது அதனோடு எவையெவை பெயர்கின்றன என்பது ஒப்பிலக்கியத்தின் அடிப்படை வினாக்களுள் ஒன்றாகும். கதை நிகழ்ச்சிகள் பெயர்வதைப் பற்றி ஆய்வுகள் பல எழுந்துள்ளன. வேடங்களும் பகைமைகளும் பெயர்வது குறித்து அந்த அளவிற்கு ஆராயப்படவில்லை. கொச்சிக் கடற்கரையில் தமிழ்ப் பாடல்களால் ஆடப்பெறும் சவிட்டு நாடகமும், 1974இல் அமெரிக்காவில் வெளிவந்த ‘டஞ்சன்ஸ் அன்ட் டிராகன்ஸ்’ என்னும் மேசை விளையாட்டும் ஒன்றையொன்று அறியாதவை. எனினும் இரண்டும் சார்லமேன் பேரரசனையும் அவனுடைய பன்னிரு வீரர்களையும் பற்றிய ஐரோப்பியக் கதைக்கொத்திலிருந்து கடன் பெற்றுள்ளன. இவ்விரு கடன்களையும் தமிழ் இலக்கண மரபின் துணைகொண்டு ஒப்பிட்டு மதிப்பிடுவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வழிநூலும் சார்புநூலும்

முன்னூலைச் சுருக்கியும், பெருக்கியும், இரண்டும் விரவியும், பிறமொழியினின்று பெயர்த்தும் செய்யப்படுவன வழிநூல் எனத் தொல்காப்பிய மரபியல் வகுக்கின்றது. நன்னூல் இதனோடு சார்புநூல் என்னும் மூன்றாம் வகையையும் கூறும். முன்னோர் நூல்களோடு சிறிது ஒத்தும் பிறவற்றில் வேறுபட்டும் நிற்பது அதன் இயல்பு. மேலும், ஒரு நூலின் சிறப்புப் பாயிரம் அறிவிக்க வேண்டிய செய்திகளுள் ‘வழி’ என்பதனையும் நன்னூலார் வைத்துள்ளார். கடன் பெறுதல் இம்மரபில் குற்றமன்று. எங்கிருந்து பெற்றது என்பதைச் சொல்லுதலும், பெற்றதில் எதனை வேறுபடுத்தியது என்பதைக் காட்டுதலுமே வேண்டப்படுகின்றன. சவிட்டு நாடகத்தையும் மேசை விளையாட்டையும் அளக்க இவ்விரு கோல்களே போதுமானவை.

கொச்சிக்கு வந்த காறல்மான்

1503இல் போர்ச்சுக்கீசியர் கொச்சியில் கோட்டை கட்டினர். 1663இல் டச்சுக்காரர் அதனைக் கைப்பற்றும் வரையில் அந்நகரம் அவர்களின் முதன்மையான துறைமுகங்களுள் ஒன்றாக விளங்கியது. தமிழ் அச்சு வரலாற்றிலும் கொச்சிக்கு இடமுண்டு. 1578இல் கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ வெளிவந்ததை அடுத்து, அன்றீக்கு அடிகளாரின் ‘கிரீசித்தியானி வணக்கம்’ 1579இல் கொச்சியில் அச்சேறியது. கத்தோலிக்க சமயமும் தமிழ் எழுத்தும் ஐரோப்பியக் கதையும் சந்தித்த இக்கடற்கரையில், இலத்தீன் கத்தோலிக்கரிடையே சவிட்டு நாடகம் வளர்ந்தது.

இந்நாடகங்களுள் தலையாயது ‘காறல்மான் சரித்திரம்’. சின்னத்தம்பி அண்ணாவியின் பெயரால் வழங்குவது. தொடர்ந்து பல இரவுகள் ஆடப்பட்டது. சார்லமேன் காறல்மானாகவும், ரோலண்டு ரோல்தானாகவும் இதில் வருகின்றனர். அஞ்சலிக்கா என்னும் பாத்திரம் இத்தாலியக் கவிஞர் பொயார்தோ படைத்து, 1516இல் அரியோஸ்தோவின் காப்பியத்தால் புகழ்பெற்ற அழகியின் வழிவந்தவள். காறல்மானின் பகைவனாக அப்துல் ரகுமான் என்னும் இசுலாமிய வேந்தன் வருகின்றான்.

கதை ஐரோப்பாவினது, ஆட்டமோ இம்மண்ணுக்குரியது. ஆசிரியர் ‘அண்ணாவி’ எனவும், நாடக ஏடு ‘சுவடி’ எனவும் வழங்கப்படுகின்றன. தெருக்கூத்தில் போலவே கட்டியக்காரன் தோன்றுகின்றான். விருத்தங்கள் பாடப்படுகின்றன. போர்க் காட்சிகளில் களரிப்பயிற்று அடவுகள் இடம்பெறுகின்றன. பலகை மேடை அதிரக் காலால் மிதித்தாடுவதே ‘சவிட்டு’ என்னும் பெயருக்குக் காரணம். மன்னார், யாழ்ப்பாணப் பகுதிகளின் கத்தோலிக்கக் கூத்துகளும் அண்ணாவியாரால் பயிற்றப்படுபவை. அவற்றுள் ஒன்றாகிய ‘எண்டிறிக்கு எம்பரதோர்’ நாடகத்தின் பெயரிலேயே பேரரசனைக் குறிக்கும் போர்ச்சுக்கீசியச் சொல் தமிழுருப் பெற்றிருத்தலைக் காணலாம். எனவே, சவிட்டு நாடகம் கேரளத்தின் தனி வழக்கு மட்டுமன்று; தமிழ்க் கத்தோலிக்கக் கூத்து மரபின் மேற்குக் கரைக் கிளையும் ஆகும்.

மேசைக்கு வந்த பாலடின்

வேடமேற்கும் மேசை விளையாட்டில் சிலர் கூடி அமர்வர். ஒருவர் நடுவராக இருந்து உலகத்தை விவரிப்பார்; ஏனையோர் ஆளுக்கொரு வேடம் ஏற்று, தம் செயலைச் சொல்லால் கூறுவர். செயலின் வெற்றி தோல்வியைப் பகடை முடிவு செய்யும். கேரி கைகாக்சும் டேவ் ஆர்னெசனும் உருவாக்கிய ‘டஞ்சன்ஸ் அன்ட் டிராகன்ஸ்’ இவ்வகையில் வணிகமுறையில் வெளிவந்த முதல் விளையாட்டாகும்.

அதன் வேடங்களுள் ஒன்று 1975ஆம் ஆண்டு இணைப்பேட்டில் சேர்க்கப்பட்ட ‘பாலடின்’. இச்சொல் சார்லமேனின் பன்னிரு வீரர்களைக் குறிப்பது. விளையாட்டு இதனை நேரே பழங்கதையிலிருந்து எடுக்கவில்லை. பால் ஆண்டர்சன் 1961இல் நூலாக்கிய ‘மூன்று இதயங்களும் மூன்று சிங்கங்களும்’ என்னும் புதினத்தின் வழியே பெற்றது. அப்புதினத்தில் இரண்டாம் உலகப் போர்க்கால டென்மார்க்குக்காரன் ஒருவன் காறல்மான் கதையுலகிற்குள் சென்று, பன்னிருவருள் ஒருவனாகிய ஓஜியர் தானே என உணர்கின்றான். வெட்டுண்ட உறுப்பு மீண்டும் வளரும் பூதமும், ஒழுங்கிற்கும் குழப்பத்திற்கும் இடையிலான போர் என்னும் கருத்தும் இப்புதினத்தின் வாயிலாகவும் விளையாட்டிற்குள் புகுந்தன. ஆக, காறல்மானுக்குக் கொச்சி மேடை போல ஓஜியருக்கு அமெரிக்க மேசை புகலிடமாயிற்று.

‘வழி’ கூறும் கடமையையும் இவ்விளையாட்டு ஒருவாறு நிறைவேற்றியது. 1979இல் வெளிவந்த நடுவர் கையேட்டின் பிற்சேர்க்கையில் கைகாக்சு தமக்கு ஊக்கமளித்த நூல்களைப் பட்டியலிட்டார்; ஆண்டர்சனின் புதினமும் அதில் உள்ளது. ஆனால் டோல்கீன் படைப்புகளிலிருந்து வந்த ‘ஹாபிட்’ என்னும் பெயர், உரிமையாளரின் எதிர்ப்பால் 1977 அளவில் ‘ஹாஃப்லிங்’ என மாற்றப்பட்டது. பெயர் நீங்கியது, வேடம் நீங்கவில்லை. கொச்சியில் சார்லமேன் காறல்மானானது மக்கள் நாவில் நிகழ்ந்த மாற்றம். ஹாபிட் ஹாஃப்லிங்கானது சட்டத்திற்கு அஞ்சிய மாற்றம். முன்னது கடனைத் தனதாக்கிக் கொள்கிறது. பின்னது கடனை மறைக்கின்றது.

பகையும் கடனே

கதைகள் பெயரும்போது நாயகனோடு பகைவனும் பெயர்கின்றான். இப்பகைவன் யார் என ஆராயின், வரலாறு கூறுவது வேறாக உள்ளது. 777இல் பாடர்போர்னில் சார்லமேனைக் கண்டு உதவி கேட்டவர் பார்சிலோனாவின் இசுலாமிய ஆளுநர். அவருக்குத் துணையாகவே அடுத்த ஆண்டு சார்லமேன் ஸ்பெயினுக்குச் சென்றார். திரும்பும் வழியில் ரோலண்டு உள்ளிட்ட பின்படையைத் தாக்கி அழித்தவர்கள் மலைவாழ் பாஸ்க் மக்கள் என்பதை அவர் வரலாற்றை எழுதிய ஐன்ஹார்டின் குறிப்பால் அறியலாம். ஏறத்தாழ மூன்று நூற்றாண்டுகளுக்குப் பின்னர், சிலுவைப் போர்ச் சூழலில் உருப்பெற்ற பாடலே அப்பாஸ்க் மக்களை இசுலாமியப் பெரும்படையாக மாற்றியது.

அப்பகைமை ஐபீரிய நாட்டுப் போர்களில் உரம் பெற்றுக் கப்பலேறியது. போர்ச்சுக்கீசியர் தம் நாட்டில் எதிர்த்துப் போரிட்டோருக்கு வழங்கிய ‘மூர்’ என்னும் பெயரையே மலபாரில் கண்ட முசுலிம் வணிகர்க்கும் இட்டனர். மட்டாஞ்சேரியின் நிலையோ வேறு. 1555இல் போர்ச்சுக்கீசியர் கொச்சி அரசருக்குக் கட்டியளித்த அரண்மனையின் சுவர்களில் இராமாயண ஓவியங்கள் உள்ளன. அதனை அடுத்து 1568இல் எழுந்த யூதர் தொழுகைக்கூடம் நிற்கின்றது. கச்சி மேமன்களும் நைனார்களும் கொங்கணியரும் தமிழரும் அங்கே அண்டை வீட்டார். அப்பகுதியை அடுத்த மேடைகளில் அப்துல் ரகுமானைப் பகைவனாக நிறுத்திய கதை, அம்மண்ணின் அனுபவத்தில் விளைந்ததன்று. அது பைரனீசு மலையில் புனைந்து, லிசுபனில் கப்பலேற்றிய சரக்கு. அண்ணாவி இசையை மாற்றினார், அடவை மாற்றினார், மொழியை மாற்றினார், பகைவனை மட்டும் வந்தபடியே வைத்தார்.

மேசை விளையாட்டில் இதன் மறுதலையைக் காண்கிறோம். ஆண்டர்சனின் புதினத்தில் காரகூ என்னும் சாரசன் வீரன் நாயகனின் உற்ற நண்பன். பகைமை சமயத்திலிருந்து நீங்கி, குழப்பத்தின் ஆற்றல்களை நோக்கித் திரும்பியது. ஆனால் விளையாட்டு அவ்விடத்தை வெற்றிடமாக விடவில்லை. டோல்கீனிடமிருந்து பெற்ற ‘ஓர்க்’ போன்ற இனங்களைப் பிறப்பாலேயே தீயோராக அங்கு நிறுத்தியது. நெடுங்காலம் கண்டனத்திற்கு உள்ளான இம்முறையைத் திருத்துவதாக 2020இல் வெளியீட்டு நிறுவனம் அறிவித்தது. 2024ஆம் ஆண்டுக் கையேட்டில் ‘இனம்’ என்னும் சொல் நீக்கப்பட்டது. ஓர்க்கும் ஆடுவோர் ஏற்கத்தக்க வேடங்களுள் ஒன்றாயிற்று. நிலையான சுவடி இல்லாமையே அம்மாற்றத்தை எளிதாக்கியது.

சுவடியின் நிலை

சவிட்டு நாடகத்தில் நிலையான சுவடி உண்டு. அதுவே அதன் வலிமையும் தடையும் ஆகின்றது. ஆடுவோர் பலர்க்குத் தாய்மொழி மலையாளம். நாவில் ஒலிப்பதோ பழந்தமிழ்ச் சொல். பொருள் முற்றும் விளங்காமலேயே தலைமுறைகள் பாடம் செய்து காத்துள்ளன. சபீனா ராஃபி 1964இல் மலையாளத்தில் வெளியிட்ட நூலே இத்துறையின் முதன்மை ஆய்வாக இன்றும் மதிக்கப்படுகின்றது. தமிழ் நாடக வரலாற்று நூல்களிலோ இச்சுவடிகள் உரிய இடம் பெறவில்லை. சொல்லின் பொருள் விளங்காதவரை, பாடுவோர் பகைவனையும் மாற்ற இயலாது. அவனை உணர்ந்து ஏற்கவும் இயலாது. பொருளறியாது காக்கப்படும் கடன், கடனாகவே நின்றுவிடுகின்றது.

முடிவுரை

கதையுலகைக் கடன் பெறுவது என்பது நிகழ்ச்சிகளைக் காட்டிலும் வேடங்களையும் பகைகளையும் பெறுவதே என்பது மேற்கண்ட ஒப்பீட்டால் புலனாகின்றது. சவிட்டு நாடகம் ஆட்ட முறையில் நிறைவான சார்புநூல். பகைமையைக் கையாளுவதில் வெறும் வழிநூல். மேசை விளையாட்டு பழம்பகையை நீக்கியும், வேறொன்றைக் கடன் பெற்றுப் பின்னரே திருந்தியது. சார்புநூலுக்கு நன்னூல் அளித்த ‘வேறுபடும்’ உரிமையை முழுமையாகப் பயன்படுத்த வேண்டுமாயின், முதலில் மூலபாடம் தெளிவாதல் வேண்டும். காறல்மான் சுவடிகளைப் பாடவேறுபாடுகளுடன் தமிழ் எழுத்தில் பதிப்பித்து, சொற்பொருள் விளக்கி, ஆடும் ஊர்களுக்கே திருப்பி அளிப்பது தமிழ்த் துறைகளின் கடமையாகும். சுவடி பழையபடி காக்கப்படலாம். மேடையில் அதனை எவ்வாறு ஆடுவது என்பதை, பொருளறிந்த பின் ஆடுவோரே முடிவு செய்வர்.