கதவைச் சாத்தினாலும் புழுதி

இசுசு என்.பி.எஸ். லாரியின் சேசிஸ் மேல் ஒரு வீட்டையே ஏற்றி வைத்த வண்டி இது. 5.2 லிட்டர் டீசல் எஞ்சின், நான்கு சக்கர இயக்கம், கட்டில், குளியலறை, கூரையில் சோலார் பலகை என்று விளம்பரத் தாளில் இருப்பதெல்லாம் வண்டியிலும் இருக்கிறது. லாரியைப் பற்றிக் குறை சொல்ல ஒன்றுமில்லை. போகச் சொன்ன இடத்துக்குப் போகிறது. சிக்கல் முழுக்க, வேறொரு நிறுவனம் மேலே கட்டிக்கொடுத்த வீட்டில்தான். அதுவும் ஒரே சிக்கல்: புழுதி.

வாரக்கணக்கில் தார்ச்சாலையில் ஓடியவரை வண்டி தன் குணத்தைக் காட்டவில்லை. காட்டிக்கொடுத்தது தென் ஆஸ்திரேலியாவின் ஊட்னடாட்டா டிராக். மாரீயிலிருந்து மார்லா வரை சுமார் 620 கிலோமீட்டர் மண்சாலை. பழைய கான் ரயில் ஓடிய தடத்தை ஒட்டியே போகிறது. நீராவி எஞ்சினுக்குத் தண்ணீர் வேண்டும் என்பதால் ரயில் பாதையை ஊற்றுகள் இருக்கும் பக்கமாகப் போட்டார்கள். 1980இல் அந்தத் தடத்தில் ரயில் நின்றது. இடிந்த நிலையங்களும் பாலங்களும் இன்னும் நிற்கின்றன.

மாரீயிலிருந்து வில்லியம் க்ரீக் வரை சுமார் 200 கிலோமீட்டர். ஒரு பகலுக்குத் தாராளமாகப் போதும், ஏனென்றால் வழியில் நிற்க வேண்டிய இடங்கள் நிறைய. டிங்கோ நாய்களைத் தடுக்கும் நீண்ட வேலி, வாலை மண்ணில் ஊன்றி நிமிர்ந்து நிற்கும் இரண்டு பழைய விமானங்கள், உப்புப் பூத்துக் கிடக்கும் தெற்கு ஏர் ஏரி, பாலைக்கு நடுவே குமிழியிட்டுக் கொப்பளிக்கும் ஊற்று. டயரில் காற்றைக் குறைத்துக்கொண்டால் சாலையின் அலையலையான மேடுபள்ளம் எலும்பை அவ்வளவாக உலுக்காது.

ஒவ்வொரு நிறுத்தத்திலும் பின்கதவைத் திறந்தால் மனசு விட்டுப்போகிறது. மெத்தை, தட்டு, பல்துலக்கி என எல்லாவற்றின் மேலும் முகப்பவுடர் போல ஒரு செம்படலம். பூட்டிய அலமாரிக்குள் மூடி வைத்த குவளையிலும் அதே நிறம். முன்னால் ஓட்டுநர் இருக்கையிலோ தூசியே இல்லை.

காரணம் எளிய காற்றியல். பெட்டி போன்ற உடல் வேகமாக நகரும்போது அதன் முதுகுக்குப் பின்னால் காற்றழுத்தம் குறைகிறது. சக்கரம் கிளப்பும் புழுதி அங்கேதான் சுழன்றுகொண்டிருக்கிறது. வீட்டுக்குள்ளிருக்கும் காற்று ஏதோ ஓர் இடுக்கு வழியாக வெளியே இழுபட, இன்னோர் இடுக்கு வழியாகப் புழுதிக் காற்று உள்ளே வருகிறது. ஓட்டுநர் அறையிலோ ஏசி விசிறி வெளிக்காற்றை வடிகட்டி உள்ளே தள்ளுவதால் அழுத்தம் சற்று கூடுதல். புழுதிக்கு அங்கே வழியில்லை.

இடுக்குகளுக்கும் குறைவில்லை. பின்கதவின் ரப்பர் ஒரு மூலையில் சரியாகப் பொருந்தவே இல்லை. குலுங்கலில் வெளிப் பெட்டிகளின் தாழ்ப்பாள் தளர்கிறது. எரிவாயுவில் ஓடும் ஃபிரிட்ஜுக்கு வெளிச்சுவரில் இரண்டு காற்றுச் சாளரம். அதைச் சுற்றி உட்புறம் அடைத்தவர் பாதியில் எழுந்து போயிருக்கிறார். பேட்டரியில் ஓடும் கம்ப்ரஸர் ஃபிரிட்ஜை வைத்திருந்தால் அந்தச் சாளரங்களே தேவைப்பட்டிருக்காது. கூரையில் அத்தனை சோலாரை வைத்துவிட்டு ஃபிரிட்ஜுக்கு எரிவாயுவைக் கட்டியது ஏன் என்பது கட்டியவருக்கே வெளிச்சம்.

எல்லாத் துளையையும் டேப் ஒட்டி அடைத்துவிடலாமே என்றால், முடியாது. எரிவாயு உள்ள வண்டியில் நிரந்தரக் காற்றுத்துளைகள் ஆஸ்திரேலிய விதிப்படி கட்டாயம். கசிந்த வாயு தங்கினால் உயிருக்கே ஆபத்து. அனுபவசாலிகள் சிலிண்டரை மூடிவிட்டு, மண்சாலை முடியும்வரை மட்டும் துளைகளை மறைக்கிறார்கள். தங்குமிடம் வந்ததும், அடுப்பைத் தொடுவதற்கு முன் திறந்துவிடுகிறார்கள். மறந்தால் விபரீதம். காசு கொடுத்து வாங்கியவர் ஒவ்வொரு மாலையும் நினைவில் வைத்திருக்க வேண்டிய வேலையா இது?

சரியான தீர்வு கூரையில் இருக்கிறது. முன்னோக்கிய வாயும் வடிகட்டியும் உள்ள ஒரு சிறு திறப்பு. ஓடும் வேகத்திலேயே காற்று அதில் புகுந்து வீட்டுக்குள் அழுத்தத்தை உயர்த்துகிறது. இடுக்குகளில் காற்று வெளியேதான் போகும். சக்கரம் கிளப்பும் அடர்ந்த புழுதி அவ்வளவு உயரம் எட்டுவதும் குறைவு. ஆஸ்திரேலிய கேரவன் கடைகளில் தனியாகவே விற்கிறார்கள். வண்டியின் விலையோடு பார்த்தால் அது சில்லறைக் காசு. பாலைக்கென்றே விற்கும் வண்டியில் அது இல்லாமல், படுக்கைக்கு எதிரே ஒரு டிவி இருக்கிறது. திரையிலும் புழுதிதான்.

இருந்தும் வாங்கியே தீருவேன் என்பவர்கள் நடுப்பகலில் ஷோரூமுக்குப் போவது நல்லது. வண்டியை வெயிலில் நிறுத்தச் சொல்லி, உள்ளே ஏறி, திரைகளை இழுத்துவிட்டுப் பின்கதவைச் சாத்த வேண்டும். வெளிச்சம் கசியும் இடமெல்லாம் புழுதி வரும் இடம். விற்பனையாளர் ஒரு மாதிரியாகத்தான் பார்ப்பார், பார்க்கட்டும்.