அவிழ்த்து விட்டாச்சு, தண்ணி எங்க?

ஜான் ஹஸ்டனின் ‘தி மிஸ்ஃபிட்ஸ்’ (1961) எனக்குப் பிடித்த படம். சென்ற மாதம் பிரிக்பீல்ட்ஸ் வீட்டில் அம்மம்மாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மீண்டும் பார்த்தேன். இந்த முறை படம் கொஞ்சம் சரிந்துவிட்டது. காரணம், அம்மம்மா கேட்ட ஒரு கேள்வி.

நெவாடா பாலைவெளியில் மூன்று ஆண்கள் ‘மஸ்டாங்’ என்ற காட்டுக் குதிரைகளைப் பிடிக்கப் போகிறார்கள். விமானம் தாழப் பறந்து அவற்றை மலையிலிருந்து விரட்டும். கீழே லாரியில் துரத்திக் கயிறு வீசுவார்கள். எல்லாம் நாய்த் தீனிக்கு எடை போட்டு விற்கத்தான். மர்லின் மன்றோ வெட்டவெளியில் நின்று கத்துகிறார். கடைசியில் கிளார்க் கேபிள் தனியாளாக ஆண்குதிரையை அடக்கி, பிறகு தானே கயிற்றை அறுத்துவிடுகிறார். ஆர்தர் மில்லரின் திரைக்கதையில் இதுதான் உச்சம்: பிடிவாதக்காரன் ஒருவன் இளகும் தருணம்.

அங்கேதான் அம்மம்மா கேட்டார்: “அவிழ்த்து விட்டாச்சு, சரி. அந்த வெளியில அதுகளுக்குத் தண்ணி எங்க கிடக்கு?”

கேமராவுக்கு அந்தக் கவலை இல்லை. அது மனிதர்களோடு வண்டியில் ஏறிப் போய்விடுகிறது.

அம்மம்மா நெடுந்தீவில் பிறந்தவர். ரயில்வே வேலைக்காரரைக் கட்டிக்கொண்டு இங்கே வந்தவர். அவர் ஊரிலும் சொந்தக்காரன் இல்லாத குதிரைகள் உண்டு. போர்த்துக்கீசியர் கொண்டுவந்தார்கள், ஒல்லாந்தர் இனம் பெருக்கினார்கள், ஆங்கிலேயர் காலத்தில் நோலன் என்ற அதிகாரி வளர்த்தார் என்பது தீவின் வரலாறு. துரைமார் போனார்கள், லாயத்தின் கல்தூண்களும் குதிரைகளும் மிஞ்சின. நல்ல தண்ணீர் அரிதான தீவு அது. கோடை முற்றும் வருடங்களில் குதிரைகள் தாகத்தில் செத்து விழும்.

இதைக் கேட்டதும் மலேசியத் தமிழ் எழுத்தாளனுக்குக் கை அரிக்கும். எனக்கும் அரித்தது. வெள்ளைக்காரன் கப்பலில் கொண்டுவந்தான், வேலை வாங்கினான், விட்டுவிட்டுப் போனான். தோட்டம் விற்கப்பட்டுக் கிள்ளான் அடுக்குமாடிக்கு வந்து சேர்ந்த நம் கதைதானே! கவிதை எழுதினேன், வாசிப்புக் கூட்டத்தில் கைதட்டும் வாங்கினேன். ஆனால் என் தாத்தா குவார்ட்டர்ஸில் மாதச் சம்பளத்தோடு இருந்தவர். தோட்டத்துத் துயரம் நான் இரவல் வாங்கியது. குதிரையும் இரவல்தான். கவிதையில் குதிரை இருந்தது, குளம் இல்லை. மில்லர் செய்ததையேதான் நானும் செய்திருக்கிறேன்.

படிமம் யாருக்கும் தொந்தரவு தராது என்று நினைக்க வேண்டாம். ‘மஸ்டாங்’ என்ற சொல்லே, உரிமையாளர் இல்லாத கால்நடையைக் குறிக்கும் ஸ்பானியச் சொல்லிலிருந்து வந்தது. வெல்மா ஜான்ஸ்டன் என்ற பெண்ணின் போராட்டத்தால், மோட்டார் வண்டியில் விரட்டிப் பிடிப்பதைத் தடுக்கும் சட்டம் 1959இல் வந்தது. 1971 சட்டமோ மஸ்டாங்கை மேற்கு அமெரிக்க முன்னோடிகளின் உயிருள்ள சின்னமாக அறிவித்தது. சின்னம் பிழைத்தது. குதிரைகள் பெருகின, புல்லும் நீரும் பெருகவில்லை. நிலத்திலிருந்து பிடித்துவரப்பட்ட 60,000க்கும் மேற்பட்டவை இன்று அரசுப் பராமரிப்பில் அடைபட்டு நிற்கின்றன.

கோடியக்கரையில் சிக்கல் வேறு. 1967இல் அமைந்த அந்தச் சரணாலயம் வெளிமானின் வீடு. அங்கே திரியும் மட்டக்குதிரைகள் மானின் புல்லையும் மேய்கின்றன. அவற்றைச் சூழலியலாளர் ‘வந்தேறி விலங்கு’ என்றால் நமக்குச் சுருக்கென்கிறது. இந்த நாட்டில் அந்தச் சொல்லை நாம் நிறையவே கேட்டிருக்கிறோம். ஆனால் சுருக்கென்பது நம்முடைய காயம். மானின் பசிக்கு அது பதிலாகாது.

‘தி மிஸ்ஃபிட்ஸ்’ மோசமான படம் என்று சொல்ல வரவில்லை. கயிறு இறுகிப் பெண்குதிரை மண்ணில் சாய்க்கப்படும் காட்சியில் வசனம் தோற்றுப்போகிறது. அங்கே குதிரை எதற்கும் குறியீடு இல்லை. மூச்சு வாங்கும் ஓர் உடம்பு. மொத்தப் படமும் அந்தப் பார்வையில் நின்றிருந்தால் அம்மம்மாவின் கேள்வி படத்துக்குள்ளேயே வந்திருக்கும்.

“நீங்க என்ன செய்வீங்க, அம்மம்மா?” என்று கேட்டேன்.

“ஆட்டுக்குத் தண்ணி இறைக்கேக்க அதுகளும் வந்து நிக்கும். நாங்க கலைக்கிறேல்ல.”

கவிதையைத் திருத்திக்கொண்டிருக்கிறேன். தாத்தாவை எடுத்துவிட்டேன். கிணறு இன்னும் சரியாக வரவில்லை.