ஒன்பதாம் வாய்ப்பாட்டின் அழகு

ஓரொன்பது ஒன்பது, ஈரொன்பது பதினெட்டு, மூவொன்பது இருபத்தேழு... ஒப்பிக்கும்போது மிரட்டும் இந்த வாய்ப்பாட்டை எழுதிப் பார்க்க வேண்டும். 09, 18, 27, 36, 45. பத்துகள் இடம் ஒவ்வொன்றாய் ஏற, ஒன்றுகள் இடம் ஒவ்வொன்றாய் இறங்குகிறது. அடுத்து 54, 63, 72, 81, 90 என்று அதே எண்கள் திரும்பி நிற்கின்றன. ஒன்பதைக் கூட்டுவது என்றால் பத்தைக் கூட்டி ஒன்றைக் கழிப்பதுதானே, அதுவே காரணம்.

ஏழாம் வாய்ப்பாடு இன்னும் சுவாரசியம். கடைசி இலக்கங்கள் மட்டும்: 7, 4, 1, 8, 5, 2, 9, 6, 3, 0. பத்து இலக்கங்களும் ஒரேயொரு முறை வருகின்றன! மூன்றாம் வாய்ப்பாட்டில் 3, 6, 9, 2, 5, 8, 1, 4, 7 என இதே வரிசை தலைகீழாக வரும். ஏழும் மூன்றும் பத்து அல்லவா?

திண்ணைப் பள்ளிப் பிள்ளைகள் முழு எண்களோடு நிற்கவில்லை. அவர்கள் படித்த எண்சுவடியில் பின்னங்களுக்கும் வாய்ப்பாடு உண்டு. 320-ல் ஒரு பங்கு முந்திரி; நாலு முந்திரி ஒரு காணி; நாலு காணி ஒரு மா. இவற்றையும் மனப்பாடமாகப் பெருக்கிய அந்தப் பயிற்சி வியக்க வைக்கிறது.

இன்றைய பிள்ளைக்குச் சுமை குறைவு. பத்துக்குப் பத்துக் கட்டத்தில் 100 விடைகள் இருந்தாலும், ஏழெட்டும் எட்டேழும் ஒன்றே என்பதால் 55 போதும். ஒன்று, இரண்டு, ஐந்து, ஒன்பது, பத்து ஆகியவை வசப்பட்டால் மீதி 15 பெருக்கல்கள்தான்.