குறுகிய போர்வையும் நெடிய புகழும்

போர்க்களத்தில் வீழ்ந்த வீரனை இரங்கிப் பாடுவது அரபு மொழியின் தொன்மையான இலக்கிய மரபுகளுள் ஒன்று. ‘ரிஸா’ என்றும் ‘மர்ஸியா’ என்றும் அரபியர் வழங்கும் இவ்வகையை நம் தமிழ் மரபிலுள்ள கையறுநிலையோடு ஒப்பிடலாம். இதற்கு இலக்கணம் கூறிய அறிஞர்களுள் ஹிஜ்ரி 4ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த குதாமா இப்னு ஜஅஃபர் குறிப்பிடத்தக்கவர். ‘நக்துஷ் ஷிஃர்’ என்னும் தம் திறனாய்வு நூலில் அவர் ஒரு கருத்தை நிறுவுகிறார். புகழ்ப்பாட்டுக்கும் இரங்கற்பாட்டுக்கும் பொருளளவில் வேறுபாடில்லை. பாடப்பெறுபவர் மறைந்துவிட்டார் என்பதைக் காட்டும் சொற்கள் மட்டுமே இரண்டையும் பிரிக்கின்றன என்பதே அக்கருத்து.

தெளிவான இலக்கணந்தான். ஆயினும் களத்தில் வீழ்ந்தவரைப் பொறுத்தவரை இது போதாது என்பதே நம் துணிபு.

உயிரோடிருக்கும் தலைவனைப் பாடும் புலவன் அவனைச் சிங்கம் என்பான், கடல் என்பான், மழைமேகம் என்பான். அச்சொற்கள் எந்தத் தலைவனுக்கும் பொருந்தும். பெயரை மட்டும் மாற்றிவிட்டால் பாட்டு மற்றொருவனுக்கு உரியதாகிவிடும். பரிசில் பெறுவதற்கு அது போதும். ஆனால், மாண்டவனுக்காகக் கண்ணீர் வடிக்கும் தாய் ஏதோ ஒரு சிங்கத்துக்காகவா அழுகிறாள்? தன் மகனுக்காக அன்றோ அழுகிறாள்! அம்மகனை அடையாளம் காட்டாத இரங்கற்பா எத்துணை ஓசைநயம் பெற்றிருப்பினும் அவனுக்குரியது ஆகாது.

பனூ ஸுலைம் குலத்தில் தோன்றிய அல்-கன்ஸா அம்மையாரின் (ரலி) கவிதைகளை எடுத்துக்கொள்வோம். அவர்தம் சகோதரர் முஆவியா குலப்பகையில் கொல்லப்பட்டார். பின்னர் ஸக்ர் என்னும் மற்றொரு சகோதரரும் களத்தில் பட்ட காயத்தால் நெடுநாள் நோயுற்று மாண்டார். கன்ஸாவின் கணவர் பொருளை இழந்து நின்றபோதெல்லாம் தம் செல்வத்தைச் சரிபாதியாகப் பிரித்துச் சகோதரிக்கு வழங்கியவர் இந்த ஸக்ர். அவரைப் பற்றிய பாடல்களில் வீரமும் உண்டு, மிகையும் உண்டு. ஆனால் அவை இன்றளவும் உயிரோடிருப்பது மிகையினால் அன்று. கொடுத்த கையை இழந்த ஒரு சகோதரியின் குரல் அவற்றில் கேட்கிறது; அதனாலேயே அவை நிற்கின்றன.

ஆனால், ஜாஹிலிய்யாக் காலத்து இரங்கற்பாவுக்கு மற்றொரு பயனும் இருந்தது. அது பழிக்குப் பழி வாங்கத் தூண்டியது. வடிந்த கண்ணீரே அடுத்த போருக்கு வாள் தீட்டும் சாணைக்கல்லாயிற்று. இம்மரபை இஸ்லாம் எவ்வாறு திருத்தியது என்பதை உஹது களத்தில் காண்கிறோம்.

ஹிஜ்ரி 3ஆம் ஆண்டில் (கி.பி. 625) நிகழ்ந்த அப்போரில் முஸ்லிம்கள் ஏறத்தாழ 70 பேர் ஷஹீதாயினர். அண்ணல் நபி (ஸல்) அவர்களின் சிறிய தந்தையார் ஹம்ஸா (ரலி) அவர்களின் திருவுடல் சிதைக்கப்பட்டிருந்தது. பழைய வழக்கப்படியாயின், அதே கொடுமையைப் பன்மடங்காகத் திருப்பிச் செய்யத் தூண்டும் பாடல்களே அன்று எழுந்திருக்கும். இறைமறையோ பொறுமையே மேல் என்று போதித்தது. பகைவரின் உடலைச் சிதைப்பதை நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். ஹம்ஸாவுக்காக ஓலமிட்டழுத அன்ஸாரிப் பெண்களையும் இனி அவ்வாறு செய்ய வேண்டாமெனக் கூறித் திருப்பியனுப்பினார்கள்.

பழியும் ஓலமும் விலக்கப்பட்டபின், வீரரைக் கண்ணியப்படுத்த எஞ்சியது யாது? கபன் துணி போதாமையால் இருவரை ஒரு துணியில் பொதிந்து அடக்க நேர்ந்தபோது, இவ்விருவருள் குர்ஆனை மிகுதியாகக் கற்றவர் யார் என்று நபிகளார் வினவினார்கள். அவரே கப்ரில் முதலில் வைக்கப்பட்டார். யார் எத்தனை பகைவரை வீழ்த்தினார் என்பது அங்கே கணக்கிடப்படவில்லை.

உஹதின் ஷஹீதுகளை ஹஸ்ஸான் இப்னு தாபித், கஅப் இப்னு மாலிக் (ரலி) ஆகிய பெரும்புலவர்கள் பாடியுள்ளனர். அப்பாடல்களின் கம்பீரத்தை நாம் மறுக்கவில்லை. எனினும் அக்களத்தைப் பற்றிய தலைசிறந்த இரங்கலுரை கவிதையில் இல்லை. கப்பாப் இப்னுல் அரத் (ரலி) அவர்கள் பிற்காலத்தில் கூறிய சில உரைநடை வாக்கியங்களிலேயே இருக்கிறது.

அவர் நினைவுகூர்ந்தது முஸ்அப் இப்னு உமைர் (ரலி) அவர்களை. மக்காவில் செல்வச் செழிப்பில் வளர்ந்த இளைஞர். ஹிஜ்ரத்துக்கு முன்பே மதீனாவுக்கு அனுப்பப்பட்டுக் குர்ஆன் கற்பித்த ஆசிரியர். உஹதில் கொடியேந்தி நின்று வீழ்ந்தவர். அவர் விட்டுச்சென்றது ஒரு போர்வை மட்டுமே. தலையை மூடினால் கால் தெரிந்தது. காலை மூடினால் தலை தெரிந்தது. தலையைப் போர்வையால் மூடிக் கால்களின்மீது இத்கிர் புல்லை இடுமாறு நபிகளார் பணித்தார்கள். இதைக் கூறிய கப்பாப், தம்மைப் போன்ற சிலர் உழைப்பின் கனியை இவ்வுலகிலேயே பறித்துக்கொண்டிருக்க, முஸ்அபோ எதையும் சுவைக்காமலே சென்றுவிட்டார் என்றும் சொன்னார். பெருஞ்செல்வராய் விளங்கிய அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்களும் நோன்பு திறக்க உணவு வைக்கப்பட்டபோது இப்போர்வையை நினைத்து அழுதார், உணவை உண்ணவில்லை.

கப்பாபின் உரையில் வாள்வீச்சு இல்லை, உவமை இல்லை. குதாமாவின் இலக்கணப்படி நோக்கின் அது புகழ்ச்சிகூட அன்று. ஆயினும் முஸ்அபின் பெயரை நீக்கிவிட்டு மற்றொரு பெயரை அங்கே இடமுடியுமா? முடியாது. மேலும், அவ்வுரை வீழ்ந்தவரைப் பேசும்போதே எஞ்சியிருப்பவரின் கடனையும் பேசுகிறது. புகழ்ப்பாட்டையும் இரங்கலையும் பிரிக்கும் கோடு இதுவே என்க.

இவ்வளவுகோல் பழங்காலத்துக்கு மட்டும் உரியதன்று. நம் நாட்டில் பிரிகேடியர் முஹம்மது உஸ்மான் அவர்களை மேடைகளில் ‘நௌஷேராவின் சிங்கம்’ என்கிறோம். பட்டம் பொருத்தமானதே. ஆனால், 1947 டிசம்பரில் ஜங்கர் பறிபோனபோது, அதை மீட்கும்வரை கட்டிலில் படுப்பதில்லை என்று அவர் உறுதி பூண்டதும், 1948 மார்ச்சில் அது மீட்கப்படும்வரை தரையிலேயே உறங்கியதும், அவ்வாண்டு ஜூலை 3ஆம் நாள் அதே ஜங்கரில் குண்டு வீச்சில் உயிர் நீத்ததும் அல்லவா அவரை நமக்கு அடையாளம் காட்டுகின்றன? சிங்கங்கள் பல; கட்டிலைத் துறந்த உஸ்மான் ஒருவரே.

வீழ்ந்தவரைப் பற்றி நினைவு மலர்களில் எழுதப் புகும் நம் இளங்கவிஞர்கள் இதைக் கருத்தில் கொள்ளல் வேண்டும். அவர் உண்மையாகச் செய்தது எது, துறந்தது எது என்று அறிந்து எழுதுங்கள். இல்லாத வீரத்தை ஏற்றிச் சொல்வது, இருந்த வீரத்தை மறைப்பதாகவே முடியும். முஸ்அபின் போர்வை நீளம் போதாதது. அதை நீளமானது என்று எவரும் பொய்யாகப் பாடவில்லை. அதனாலேயே அது நம்மை இன்றும் கலங்கச் செய்கிறது.