நூறு மீட்டர்: மது உரிமமும் மலைச் சமூகமும்

காரவள்ளியில் மலை ஆரம்பிக்கிறது. சோதனைச்சாவடியைத் தாண்டினால் சோளக்காடு வரைக்கும் 70 கொண்டை ஊசி வளைவுகள். பஸ் வளைந்து ஏற ஏற, சற்று முன் கடந்த சாலை நம் காலடியில் கிடப்பது தெரியும். பார்த்தால் கல்லெறி தூரம். நடந்தால் மூச்சு வாங்கும். இந்த மலையில் 'தூரம்' என்ற சொல்லுக்கு என்னதான் பொருள் என்று யோசிக்க வைத்தது ஒரு இலக்கியப் பிரதி அல்ல. தமிழ்நாடு மதுபானச் சில்லறை விற்பனை விதிகள், 2003.

அதன் 8ஆம் விதி இதுதான்: கோயிலிலிருந்தோ பள்ளியிலிருந்தோ மாநகராட்சி, நகராட்சிகளில் 50 மீட்டருக்குள்ளும் பிற இடங்களில் 100 மீட்டருக்குள்ளும் கடை வைக்கக் கூடாது. கடை வந்த பிறகு முளைத்த பள்ளிக்கு இது பொருந்தாது. சமூகப் பாதுகாப்பு என்று நம் சட்டம் இடம் சார்ந்து சொல்வது பெரும்பாலும் இவ்வளவே. இந்தப் பிரதியில் சமூகம் என்பது இரண்டு கட்டடங்கள், மனிதர்கள் இல்லை. அந்தக் கட்டடங்களும் ஏட்டில் ஏறியவையாக இருக்க வேண்டும். வழக்கு என்று வந்துவிட்டால் 'அது அறநிலையத்துறைப் பட்டியலில் உள்ள கோயில்தானா' என்ற கேள்வி எழும். கொல்லிமலையில் மரத்தடிக் கல்லும் வெட்டாத சோலையும் சாமி. அரப்பளீஸ்வரர் ஏட்டில் இருப்பார். சோலையில் குடியிருக்கும் சாமிக்கு எந்த வாசலிலிருந்து டேப் பிடிப்பது?

மீட்டர் கணக்கு எங்கே கொண்டுபோய் விடும் என்பதை 2017இல் பார்த்தோம். நெடுஞ்சாலையிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்று 2016 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வாகன ஓட்டியைக் காக்கும் நோக்கம், அதில் குறையில்லை. ஆனால் சாலையை விட்டு நகர்ந்த கடை எங்கே போகும்? ஊருக்குள் போயிற்று. அந்த ஏப்ரலில் திருப்பூர் மாவட்டம் சாமளாபுரத்தில் கடையை எதிர்த்து நின்ற பெண் போலீஸ் அதிகாரியின் கையால் அறை வாங்கிய காட்சியை நாடே பார்த்தது. 500 மீட்டர் சரியாகத்தான் அளக்கப்பட்டிருந்தது. அளவுக்குள் அந்தப் பெண் இல்லை.

இப்போது 'சமநிலை' என்ற சொல்லுக்கு வரலாம். பொருளாதார வளர்ச்சி ஒரு தட்டில், சமூகப் பாதுகாப்பு இன்னொரு தட்டில், நடுவே முள் நேராக நிற்க வேண்டும் என்கிறது வளர்ச்சியின் சொல்லாடல். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. தராசைப் பிடித்திருப்பது யார் கை என்று மட்டும் அது சொல்வதில்லை. (ஃபூக்கோ இல்லாமல் ஒரு கட்டுரை எழுத முடியாதா என்று கேட்கும் நண்பர்களுக்காக அவரை இம்முறை விட்டுவிடுகிறேன்.) இங்கே உரிமம் கொடுப்பதும் அரசு, வாங்குவதும் அரசு. 1983இல் மொத்த வியாபாரத்துக்காகத் தொடங்கிய டாஸ்மாக், 2003 நவம்பரில் சில்லறை வியாபாரத்தையும் எடுத்துக்கொண்டது. துறையின் பெயரைப் பாருங்கள்: மதுவிலக்கு மற்றும் ஆயத்தீர்வைத் துறை. விலக்குவதும் வசூலிப்பதும் ஒரே பெயர்ப்பலகையில். உரிமங்கள் பிறக்கும் சட்டத்தின் பெயரோ தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டம், 1937. கட்டுடைக்க நாம் சிரமப்பட வேண்டியதே இல்லை, பிரதி தானே உடைந்து கிடக்கிறது.

அந்த 1937க்கும் இந்த மலைக்கும் உறவு உண்டு. ராஜாஜி மதுவிலக்கைச் சோதித்துப் பார்க்க முதலில் தேர்ந்தெடுத்தது சேலம் மாவட்டம். நாள் 1937 அக்டோபர் 1. நாமக்கல் தனி மாவட்டமானது 1997இல்தான். ஆக, கொல்லிமலையும் அந்தச் சோதனைக்குள் இருந்தது. போன கலால் வருமானத்தை ஈடுகட்ட 1939இல் பொது விற்பனை வரி வந்தது. 1971இல் மதுவிலக்கு தளர்ந்தது, விற்பனை வரி போகவில்லை. சாராயமும் கள்ளும் பிறகு வந்தன, போயின, வந்தன. கள்ளுக்கு 1987 முதல் இன்றுவரை தடை. மலைக்காரர் தன் பனையிலோ கூந்தற்பனையிலோ இறக்கினால் குற்றம்; கீழேயிருந்து 70 வளைவு ஏறி வரும் பாட்டில் சட்டப்படி சரக்கு. ஓரியின் மலையில் தேறல் பரிமாறியதைப் பாடம் நடத்தும் தமிழாசிரியர்கள் இதை வகுப்பில் சொல்வதில்லை. நானும் சொன்னதில்லை.

வளர்ச்சித் தட்டில் இருப்பது என்ன? 2003-04இல் டாஸ்மாக் வழியாக அரசுக்கு வந்தது சுமார் 3,639 கோடி ரூபாய். 2023-24இல் 45,855 கோடி. சரி, இது யாருடைய வளர்ச்சி? மலையில் மரவள்ளி போட்டவர் கிழங்கு விற்று ஒரே தடவையில் கையில் காசு பார்க்கிறார். அந்தக் காசு கடை வழியாகக் கோட்டைக்குப் போய் மாநிலப் பொது வருவாயில் கலக்கிறது. கடை இருக்கும் பஞ்சாயத்துக்கு அதன் விற்பனைக்குத் தக்க பங்கு என்று எதுவும் பிரிவதில்லை. சண்டை, விபத்து, குடல் வெந்த ஆஸ்பத்திரிச் செலவு மட்டும் உள்ளூர்க் கணக்கு. வரவு ஓரிடம், செலவு வேறிடம் என்று இருக்கும்போது தராசு என்ற உருவகமே பொய்யாகிவிடுகிறது. இரண்டும் ஒரே தராசில் ஏறவே இல்லையே.

மலைக்குப் போகும் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாவிடம், 'கடை வேண்டாம்னு ஊர்ல கேட்டுப் பார்க்கலையா?' என்றேன். 'எங்களக் கேட்டா வெச்சாங்க தம்பி, கேட்டு எடுக்கறதுக்கு?' என்றார். இந்தக் கட்டுரை அவருடைய கேள்விக்கான பொழிப்புரை என்று வைத்துக்கொள்ளலாம்.

ஏனென்றால் இந்தியச் சட்டத்தில் 'கேட்பதற்கு' ஓர் இடம் உண்டு. 1996ஆம் ஆண்டின் பட்டியல் பகுதிகளுக்கான பஞ்சாயத்து விரிவாக்கச் சட்டம் (பெசா), போதைப்பொருள் விற்பனையைத் தடுக்கவும் கட்டுப்படுத்தவும் கிராம சபைக்கு அதிகாரம் வேண்டும் என்கிறது. ஆனால் அது அரசியலமைப்பின் ஐந்தாம் அட்டவணைப் பகுதிகளுக்கு மட்டும். தமிழ்நாட்டில் அப்படி ஒரு பகுதிகூட அறிவிக்கப்படவில்லை. கொல்லிமலையின் மலையாளி மக்கள் பட்டியல் பழங்குடி. சேந்தமங்கலம் பழங்குடித் தனித்தொகுதி. மலை மட்டும் பட்டியல் பகுதி அல்ல. ஆள் பழங்குடி, அவர் நிற்கும் மண் பழங்குடி மண் இல்லை! மாநில விதிகளிலும் கிராம சபையின் சம்மதம் ஒரு நிபந்தனையாக இல்லை. தீர்மானம் போடலாம், அதைக் கோப்பில் வைப்பார்கள்.

கேட்பாரில்லை என்றும் சொல்லிவிட முடியாது. காலி பாட்டிலைக் கேட்கிறார்கள். உடைந்த கண்ணாடி காட்டு விலங்குகளின் காலைக் கிழிக்கிறது என்று வந்த வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் தலையிட, 2022இல் நீலகிரியில் பாட்டிலுக்குக் கூடுதலாகப் பத்து ரூபாய் வாங்கித் திருப்பித் தந்தால் கொடுக்கும் திட்டம் வந்தது. பிறகு கொல்லிமலை உள்ளிட்ட மலைகளுக்கும் நீண்டது. நல்ல திட்டம், நான் கேலி செய்யவில்லை. மலை என்பது சமவெளி மாதிரி இல்லை, அதற்குத் தனி விதி வேண்டும் என்று அரசு இங்கே ஒப்புக்கொண்டுவிட்டது என்பதுதான் என் பாயிண்ட். பாட்டிலுக்குத் தனி விதி சாத்தியமென்றால், பாட்டிலை உள்ளே விடுவதா என்பதற்கு ஏன் சாத்தியமில்லை?

உடனே பூரண மதுவிலக்கு அன்பர்கள் கை தட்டுவார்கள். அவர்களோடும் எனக்குப் பிணக்கு உண்டு. 'பாவம், மலைவாழ் மக்கள் வெகுளிகள், கெட்டுப்போகிறார்கள்' என்ற குரலில் பழங்குடி ஒரு குழந்தை. அப்பா மட்டும் மாறுகிறார். 'கடையை மூடினால் கள்ளச்சாராயம் வரும்' என்ற அரசுக் குரலிலும் அதே குழந்தைதான். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் 65 பேருக்கு மேல் செத்தபோது இரண்டு குரலும் ஒரே நேரத்தில் கேட்டன. டாஸ்மாக் இருக்கும் மாவட்டத்தில்தான் அது நடந்தது. கொன்றது மெத்தனால், தொழிற்சாலைக் கரைப்பான். ஆனாலும் சந்தேகத்தின் டார்ச் முதலில் திரும்பிய இடங்களில் ஒன்று கல்வராயன்மலை. அங்கும் இதே மலையாளி மக்கள்.

மகாராஷ்டிரத்தில் வேறொரு வழி இருக்கிறது. ஊரில் கால்வாசிப் பெண் வாக்காளர்கள் மனு கொடுத்தால் ரகசிய வாக்கெடுப்பு நடத்த வேண்டும். சீட்டில் இரண்டு சின்னம்: நிற்கும் பாட்டில், படுத்த பாட்டில். மொத்தப் பெண் வாக்காளர்களில் பாதிக்கு மேல் படுத்த பாட்டிலுக்குப் போட்டால் கடை மூடப்படும். வந்து ஓட்டுப் போட்டவர்களில் பாதி அல்ல, பட்டியலில் உள்ளவர்களில் பாதி. ஆகவே வராமல் போன ஒவ்வொரு பெண்ணும் கடைக்கு ஓட்டு. அளவுகோல் கடினமானதுதான். ஆனால் அங்கே அளக்கப்படுவது மனிதர்கள்.

அப்படி ஒன்று இங்கே வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் நம்பவில்லை. ஊர்ப் பெரியதனக்காரர் கடைக்காரர்களிடம் விலைபோகலாம். நாட்டார் கூடிப் பேசும் வழக்கத்தில் ஆண் குரலே அதிகம். அதனாலேயே பெண்களின் தனி வாக்கு முக்கியமாகிறது. மூடிய கடைக்குப் பதிலாகப் பெட்டிக்கடையில் இரண்டு மடங்கு விலைக்குக் கிடைக்கலாம். காரவள்ளிக்குக் கீழே ஒரு கடை போட்டுவிட்டால் மலையின் தீர்மானம் என்ன ஆகும்? அடிவார ஊரும் மலையும் சேர்ந்து ஓட்டுப் போடுவதா, தனித்தனியாகவா? மலையில் 14 பஞ்சாயத்துகள். ஒன்று வேண்டாம் என்று பக்கத்துப் பஞ்சாயத்து வேண்டும் என்றால்? கீழே வேலைக்குப் போயிருக்கும் பெண்களின் பெயர் பட்டியலில் இருக்கும், ஆள் இருக்காது. அவர்கள் வீடு திரும்பியிருக்கும் நாளாகப் பார்த்து வாக்கெடுப்பை வைக்க யார் பொறுப்பு?